இணைப்பு ஏழு, பத்தி மூன்று

புஸ்ஸி வீதியை மூன்றாவது தடவையாகத் தோண்டினோம்.
வரைபடத்தில் ஒன்றரை மீட்டர் ஆழத்தில் கிடக்கும் குடிநீர்க் குழாய்
அங்கே இல்லை.
இருந்தது ஒரு செங்கல் வாய்க்கால்.
எந்தத் துறையும் அதை ஒப்புக்கொள்ளவில்லை,
தண்ணீர் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.
மின்துறைக்காரர் குனிந்து பார்த்து
"எங்களுது இல்ல மேடம்" என்றார்,
பிள்ளைக்குத் தகப்பன் பேர் கேட்டுவிட்டதுபோல
அவ்வளவு அவசரமாக.

தண்டவாளத்தை அறுபது சென்டிமீட்டர் தெற்கே நகர்த்தினேன்.
காகிதத்தில் அது மயிரிழை.
வீதியில் அது ஓர் இளநீர்க் கடை,
வேப்பமரத்தின் பாதி வேர்.

அரியாங்குப்பத்தில் கருத்துக் கேட்புக் கூட்டம்.
முதலில் பஜ்ஜி தீர்ந்தது.
டிராம் நிறுத்தம் தன் கடை வாசலில் வேண்டாம் என்றார் சங்கச் செயலாளர்,
பக்கத்துக் கடை வாசலிலும் வேண்டாம் என்றார்.
இந்தக் காசுக்கு நல்ல பஸ் விடலாமே என்றார் ஒருவர்.
அவருக்கு நாங்கள் சொன்ன பதில் எனக்கே பிடிக்கவில்லை,
குறிப்பேட்டில் சுருக்கிவிட்டேன்.

கடைசி வரிசையிலிருந்து
வீராம்பட்டினத்து அஞ்சலாட்சி எழுந்தார்.
"கூடை ஏறுமா?"

மேடையில் மைக் கைமாறியது.
எந்தக் கூடை அம்மா?

"மீன் கூடதான். விடியகாலம் நாலரை மணி.
பஸ்ல ஏத்தமாட்டான், நாறுதும்பான்.
டெம்போக்காரன் ஆளுக்குத் தனி, கூடைக்குத் தனி வாங்குறான்.
ஒங்க வண்டி என்னா சொல்லும்?"

ஆலோசகர் கண்ணாடியைத் துடைத்தார்.
தாழ்தளப் பெட்டி, குளிர்சாதனம்,
சக்கர நாற்காலி ஏறும், குழந்தை வண்டி ஏறும்,
நெரிசல் இல்லாத நேரத்தில் சைக்கிள்கூட ஏறும் என்றார்.
அஞ்சலாட்சி நின்றுகொண்டே இருந்தார்.
படிவத்தில் கூடைக்குக் கட்டம் இல்லை.
"இதர" என்ற இடத்தில் எழுதினேன்.

மறுநாள் விடியுமுன் குபேர் அங்காடிக்குப் போய்
டேப்பை வைத்து அளந்தேன்.
விட்டம் இரண்டரை அடி.
ஐஸோடு முப்பது கிலோ. சிலது நாற்பது.
ஒழுகும்.
என்னை யாரோ எடை ஆய்வாளர் என்று நினைத்து
ஒரு கிழங்கான் பொட்டலம் நீட்டினார்கள்.

பின்பெட்டியில் மடக்கு இருக்கை,
தரையில் நூற்றுக்கு ஒன்று சரிவு,
வடிதுளை இரண்டு,
பணிமனையில் கழுவ ஒரு குழாய்,
முதல் வண்டி ஐந்தே முக்கால் அல்ல, நாலேகால்.
ஆலோசகர் அடித்தார்.
அடுத்த வரைவில் மறுபடி எழுதினேன், மறுபடி அடித்தார்.
பிறகு அதை இணைப்பு ஏழில் வைத்தேன்,
வண்ணப்பூச்சின் தடிமனுக்கும்
புறா விரட்டும் கம்பிக்கும் நடுவில்.
எல்லோரும் கையெழுத்திட்டார்கள்.

நேற்று ஒப்பந்தப்புள்ளி விளக்கங்கள் வந்தன.
கேள்வி நூற்றுப் பன்னிரண்டு:
பெட்டிக்குள் வடிதுளை எதற்கு?
கூரை ஒழுகும் என எதிர்பார்க்கிறீர்களா?

கூரை ஒழுகாது, ஐஸ் உருகும்
என்று தட்டச்சு செய்து அனுப்பினேன்.

தண்டவாளம் இதுவரை நானூறு மீட்டர்.
அதன்மேல் பைக் நிறுத்துகிறார்கள்.
அஞ்சலாட்சி டெம்போவில்தான் வருகிறார்,
கூடைக்குப் பத்து ரூபாய் ஏற்றிவிட்டானாம்.