டாக்டரிடம் கொடுத்துவிடுங்கள்

ட்ராப்ஸோன் மலைச்சரிவில்
ஹேசல்நட் உடைக்கும் இயந்திரம்
மூன்று விரல்களை வாங்கிக்கொண்டது.
பனிக்கட்டிப் பையில் அவற்றையும்
ஜீப்பில் அவனையுமாகக் கொண்டுவந்தார்கள்.
ஹைரெத்தின் என்று பெயர்.

பெரிஹான் ஆறாம் அளவுக் கையுறை கேட்டாள்.
ஏழரைதான் இருக்கிறது என்றேன்.
பதினோரு வருடமாக
அவளுக்கு ஏழரைதான்.

தலைமுடியிலும் மெல்லிய நூலால்
ஒரு ரத்தக்குழாய், இன்னொன்று, பிறகு நரம்பு.
நடுவில் ஒரேயொரு முறை
மழை நின்றதா என்று கேட்டாள்.

ஒன்பது மணி நேரம்.
இரண்டு விரல்கள் சிவந்தன.
மூன்றாவது சிவக்கவில்லை.
அவள் முணுமுணுத்த மன்னிப்பு
அந்த விரலிடம் கேட்டதென்றே எனக்குப் பட்டது.

'மருத்துவர்கள்' என்றெழுதிய கதவுக்குள்
ஆண்கள் உடைமாற்றுகிறார்கள்.
பெரிஹானின் கோட்டு எங்கள் அறையில்,
துடைப்பம் சாத்திய மூலையில், ஒரு கொக்கியில்.
அவள் வருவது எங்களுக்குப் பிடிக்கும்.
அவளுக்குப் பிடிக்குமா என்று
நாங்கள் கேட்டதில்லை.

காலையில் அவள் கட்டவிழ்த்து
விரலின் சூடு பார்த்துக்கொண்டிருக்க,
ஹைரெத்தின் அவள் தோளுக்கு மேலாக
இப்போதுதான் மீசை முளைத்த
பயிற்சி மருத்துவன் துக்ருலைப் பார்த்து
"ஐயா, உங்கள் கைக்கு ஒரு நோவும் வரக்கூடாது" என்றான்.
துக்ருல் வாய் திறக்கவில்லை. காது சிவந்தது.
அந்த வார்டில் தைக்காமலே சிவந்தது
அது ஒன்றுதான்.

பிறகு அவளிடம்:
"தங்கச்சி, நீயும் ராத்திரி தூங்கவில்லையாமே."

நர்ஸ் என்பது வசையல்ல.
இருபது வருடமாக நான் அதுதான்.
ஆனால் அவளை மூடுவதற்கு
என் உடுப்பை உருவினால்
எனக்கும்தான் குளிர்கிறது.

நான் மட்டும் யோக்கியமா?
அவள் சேர்ந்த முதல் வாரம்
தேநீர்த் தட்டோடு அவளைத் தாண்டி
நேராக ஒரு மீசையிடம்தான் போனேன்.
எழுந்து வந்து தானே ஊற்றிக்கொண்டாள்.
இரண்டு சர்க்கரைக் கட்டி.
எண்ணிக்கை இன்னும் நினைவிருக்கிறது.

வீட்டுக்குப் போகும் நாளில்
ஹைரெத்தினின் மனைவி
இரண்டு கிலோ கொட்டைப் பையை
பெரிஹான் கையில் திணித்தாள்:
"டாக்டரிடம் கொடுத்துவிடுங்கள்."
"கொடுத்துவிடுகிறேன்."

அன்று இரவு
'மருத்துவர்கள்' கதவின் இடுக்கில் வைத்து
ஒவ்வொன்றாக உடைத்தோம்.
உடைத்தது நான்தான்,
அவள் விரலுக்கு ஏதும் ஆகிவிடக் கூடாதென்று.

அடுத்த வாரம் வந்தவன் மறக்காமல் கேட்டான்,
டாக்டருக்குக் கிடைத்ததா?

"கிடைத்ததாம்," என்றாள் பெரிஹான்
அவனுடைய இரண்டு விரல்களை
மெல்ல மடக்கி நிமிர்த்தியபடி.
"ஒன்றிரண்டு சொத்தையாம்."