எண்ணூற்றுப் பத்து கிராம்

பதினோராயிரம் ரூபாய்க் கடனுக்குப் பதிலாக
கொழுந்தன் இருதயராஜ் மேசைமேல் வைத்தது இது:
ஒரு பித்தளைக் கொதிகலன்,
கட்டைவிரல் பருமனில் ஒரு சிலிண்டர்,
பழைய ஒரு ரூபாயைவிடக் கொஞ்சம் பெரிய சக்கரம்.
"சீமைச் சரக்கு அண்ணி."
எந்தச் சீமை என்றால்
அடிப்பக்கத்தைத் திருப்பிக் காட்டுகிறான்.
மூன்று எழுத்து மிச்சம். மீதி தேய்ந்துவிட்டது.

தண்ணீர் ஊற்றி, ஸ்பிரிட் விளக்கோடு
சமையலறைத் தராசில் வைத்தேன்.
எண்ணூற்றுப் பத்து கிராம்.

முதல் நாள் ஓடவில்லை.
இரண்டாம் நாள் சக்கரத்தை விரலால் சுண்டினேன்.
அது காத்திருந்தது அதற்குத்தான்.
தானாகத் தொடங்காது.
தொடங்கினால் பின்னுக்குப் போகாது.
விளக்கு அணைகிற வரை நிற்காது.
பதினான்கு நிமிடம்.
பகலெல்லாம் டயாலிசிஸ் மெஷின்களோடு இருப்பவள் நான்,
அழுத்தம் ஒரு கோடு ஏறினாலே அலறுகிறவை.
இது அலறுவதில்லை.
தாங்காதபோது உஸ்ஸென்று
மூடியை லேசாகத் தூக்கிக்கொள்கிறது.

"லாடம் கிடைச்சதுன்னு குதிரை வாங்கப் போறியா?"
என்றார் அருளப்பன்.
போனேன்.

எஸ்.பி. ரோட்டில் மூன்றாம் மாடி.
ட்ரோன்களுக்குப் பின்னால் சணலில் தொங்கின
படகுகளின் வெறுங்கூடுகள்.
முஷ்தாக் பாய் முதலில் போர்க்கப்பலை இறக்கினார்.
எல்லோரும் கேட்பது இதைத்தானாம்.
நீளம் ஒரு மீட்டர், அகலம் என் உள்ளங்கை.
கைப்பையிலிருந்து
எண்ணூற்றுப் பத்து கிராம் துவரம்பருப்பை
எடுத்துக் கொடுத்தேன்.
அவர் சிரிக்கவில்லை.
நீலத் தொட்டியில் தண்ணீர் பிடித்தார்.
பருப்பு ஏறியதும்
போர்க்கப்பல் ஒருபக்கம் சாய்ந்து யோசித்தது,
பிறகு கவிழ்ந்தது.
ஒரு கைப்பிடிப் பருப்பு தொட்டியடியில்.

இழுவைப்படகு அசையாமல் தாங்கியது.
ஆனால் எதை இழுக்கும்?
பயணிகள் படகுக்கு இருபுறமும் ஜன்னல்கள்.
உள்ளே யாருமில்லை என்பது
ஜன்னல் வைத்த பிறகுதான் தெரிகிறது.
நாளை வருகிறேன் என்றேன்.
ஈரப் பருப்பைத் தனியாகக் கட்டிக் கொடுத்தார்.

அன்று சாயங்காலம் அல்சூர் ஏரிக்குப் போய்
தண்ணீரை மட்டும் பார்த்தேன்.
காவலாளி எதையோ மோப்பம் பிடித்ததுபோல
"பெங்கி பேடா மேடம்" என்றார்.
என் கையில் தீப்பெட்டிகூட இல்லை.
ஏரியே பற்றியெரிந்த ஊர் இது;
ஒரு ஸ்பூன் ஸ்பிரிட்டுக்குப் பயப்படுகிறது.
அங்கே நின்றபோதுதான் தோன்றியது,
நான் பார்த்ததெல்லாம் போகிற படகு.
பதினைந்தாவது நிமிடம்?
கரையில் அல்ல, எங்கோ நடுவில்
அது நிற்கும்.
போர்க்கப்பல் நின்றால் தோற்றதுபோல இருக்கும்.
பயணிகள் படகு நின்றால்
அந்த ஜன்னல்களில் இல்லாத ஆட்கள்
கைக்கடிகாரம் பார்ப்பார்கள்.

மறுநாள் பருப்பு கொண்டுபோகவில்லை.
"நின்னா அசிங்கமா இல்லாத படகு வேணும்."
முஷ்தாக் பாய் கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தார்.
ஸ்டூலில் ஏறி, கடைசிக் கொக்கியிலிருந்து
ஒரு மீன்பிடிப் படகை இறக்கினார்.
தூசி, வயிறு அகலம்,
ஓரத்தில் யாரோ பாதி அடித்துவிட்ட சிவப்பு.
மீன் போடுகிற குழியில்
கொதிகலன் அளவெடுத்ததுபோல உட்காரும்.
இரண்டாயிரத்து நானூறு.
அதையும் இருதயராஜ் கணக்கில் எழுதினேன்.

ஞாயிறு, ஆறரை மணி, காவலாளி டீ குடிக்கப் போன நேரம்.
பின்பக்கத்தில் தூண்டில் நரம்பு கட்டி,
சக்கரத்தைச் சுண்டி, விட்டேன்.
சத்தம் தையல் மெஷின் மாதிரி.
புகை என்று சொல்ல முடியாது, மூச்சு.
ஒரு நீர்க்காகம் கழுத்தைத் திருப்பிப் பார்த்தது.
பன்னிரண்டு நிமிடத்திலேயே
(குளிர், அல்லது நான் ஸ்பிரிட்டைச் சிந்தியிருப்பேன்)
நின்றுவிட்டது.

நடைப்பயிற்சிக்காரர் ஒருவர் என் பக்கத்தில் நின்று
கையிலிருந்த நரம்பைப் பார்த்தார், படகைப் பார்த்தார்.
"மீனு சிக்தா?"
இன்னும் இல்லை என்றேன்.
சுற்றி இழுக்கவில்லை.
கொதிகலன் ஆறட்டும்.