மூன்று ஆறு

என் மரணத்தைக்
கதவு திறந்து வாங்கியவள் என் மனைவி.
பொலிஸ் இரண்டு பேர். இளையவள்
தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தாள்.
"திரு குணரத்தினம் அவர்களின்..." என்று தொடங்கினாள்.
நான் பின்னால் நின்றேன், பனியனோடு,
பாணில் சம்பல் பூசியபடி.

மதகு பழுதுபார்க்க
ஹம் நகரத்துக் கால்வாயில் தண்ணீர் இறக்கியிருக்கிறார்கள்.
சேற்றில் இரண்டு சைக்கிள், ஒரு கடைத் தள்ளுவண்டி,
ஒரு மண்டையோடு.
தாடையைக் கழுவிப் படம் எடுத்து
ஊர்ப் பல்வைத்தியர்களுக்கெல்லாம் அனுப்ப,
டாக்டர் ப்ரிங்க்மான் பழைய அட்டை ஒன்றை உருவியிருக்கிறார்.
அட்டையில் என் பெயர்.

மூன்ஸ்டரில் ஒரு பெண்
என்னை வாய் திறக்கச் சொன்னாள்.
சின்னக் கண்ணாடி. குளிர்ந்த கம்பி.
அவள் எண் சொல்ல உதவியாளன் குறித்தான்:
மூன்று ஆறு, முழுசு.
இரண்டு ஐந்து, இருக்கிறது.
அட்டையில் மூன்று ஆறு வெள்ளி அடைத்தது,
இரண்டு ஐந்து பிடுங்கியது.
"பிடுங்கிய பல் திரும்ப முளைக்காது" என்றாள்.
குரலில் கோபமில்லை.

ஜெர்மனில் கேட்ட எண்ணைத்
தமிழில் எண்ணியது என் பிழை.
மூன்று ஆறு.
இந்த ஊரில் லிப்பே ஒன்று, ஆசே ஒன்று.
மூன்றாவது, மனிதர் வெட்டிய தண்ணீர்.

சவிரிமுத்து.
பெயரில்தான் முத்து. வாயில் சிகரெட் கறையும் பொந்தும்.
விசா மறுத்த கடிதம் வந்த மார்கழியில்
கன்னம் பூசணிக்காயாய் வீங்கி
மூன்று இரவு
முகாமின் குளியலறைத் தரையில்
கிராம்பைக் கடித்துக்கொண்டு கிடந்தான்.
என் காப்புறுதித் தாளைக் கொடுத்து
என் பிறந்த திகதியைப் பாடமாக்கச் சொன்னேன்.
"தகப்பன் பேர் கேட்டால்?"
"பல்லுக்கு ஆரடா தகப்பன் பேர் கேட்கிறது?"
பஞ்சு கடித்த வாயோடு திரும்பி வந்து
கோணலாய்ச் சிரித்தான்:
"குணம், உன்ரை பேர் நல்ல பேர். நோகவே இல்லை."

மாசியில் லண்டனுக்கு என்று
இருநூறு மார்க் வாங்கிக்கொண்டு போனான்.
லொறி, ஏஜென்சி, கலே, ஏதேதோ சொன்னான்.
போன் வரவில்லை.
மார்க்கே செல்லாக்காசாகும்வரை
எட்டு வருடம் அவனை ஏசினேன்,
கலியாண வீடுகளில், சோற்றுக்கு நடுவில்,
பல்லைக் கடித்தபடி.
லண்டனில் கடை போட்டிருப்பான் கள்ளன் என்று.
இரவு வேலை முடிந்தால்
கால்வாய்க் கரையால்தான்
சைக்கிளில் வீடு வருவேன்.

படிவத்தில் ஒரு கட்டம்:
இறந்தவர் உங்களுக்கு என்ன முறை?
நண்பர் என்று எழுதினேன். வெட்டினேன்.
அவள் இன்னொரு படிவம் எடுத்து வைத்தாள்.
மோசடி வழக்கு வருமா என்று நான் கேட்கவில்லை,
அவளும் சொல்லவில்லை.
"பெயரை எழுத்துக் கூட்டிச் சொல்லுங்கள்."

எஸ்.
ஆ.
ஃபௌ.
அங்கே தொண்டை நின்றுவிட்டது.
பேனாவைத் தாளிலிருந்து எடுக்காமல்
அவள் காத்திருந்தாள்.

இ, என்றேன்.