ஒரு ரவையும் செலவழிக்காமல்

இந்த விளையாட்டு வெளிவந்த வருசம்
எங்கட வீட்டு மீற்றருக்குள்
சுழல வேண்டிய தட்டில்
ஒரு சிலந்தி குடியிருந்தது.
கறண்ட் இல்லை. ரிவிப் பெட்டிக்கு மேல்
மாச் சாக்கு.
ஆனையிறவு தாண்டி எந்த விளையாட்டும்
இங்கே வந்து சேரவில்லை.

ஆகையால் எனக்கு இது பழசு இல்லை.
மற்ற ஊர்களில் இதைத் திரும்பத் திறப்பவர்கள்
தங்கள் பத்து வயதைத் தேடித் திறக்கிறார்கள்.
நான் நாற்பத்திரண்டில், முதல்தரம்,
சுன்னாகத்தில் மின்சார பில் கவுண்டரை மூடிவிட்டு வந்து
சோற்றுக்கு உலை வைத்த கையோடு.

மடிக்கணினிக்குள் ஓர் எமுலேற்றர்:
இல்லாத ஓர் இயந்திரம்
இருப்பதாகவே நடிக்கிறது.
அதோடு ஒரு பட்டியல். முப்பத்தொரு சாதனைகள்.
எவரோ ஒருவர் சம்பளமில்லாமல் குந்தியிருந்து எழுதியவை.
பாலத்தை இரண்டு நிமிடத்துக்குள் கட.
சுவருக்குப் பின்னாலுள்ள நாணயங்கள் அத்தனையும் எடு.
எடுத்தேன். கடந்தேன். இருபத்தொன்பது முடிந்தது.
முப்பதாவதில் நிற்கிறேன் வைகாசியிலிருந்து:
மூன்றாம் கட்டம்,
ஒரு ரவையும் செலவழிக்காமல்.

செய்தவர்களே நினைத்திராத ஒன்று இது.
பதினாறு புள்ளி அகலமான என் ஆள்
துவக்கோடுதான் பிறக்கிறான்.
சுடுவதற்கென்றே ஒரு பொத்தான்,
பெருவிரல் தானாகப் போய் விழுகிற இடத்தில்.

கடும் முறையில் ஆடுகிறேன்.
இடையில் சேமிக்க ஏலாது. பின்னால் சுற்ற ஏலாது.
செத்தால் கட்டத்தின் தொடக்கம்.
"ஒருக்காக் களவாய்ச் சேவ் பண்ணுமன்,
ஆருக்குத் தெரியப்போகுது?" என்றார் பகீரதன்.
மென்பொருளுக்குத் தெரியும்.
நிலுவை வைத்த வீட்டுக்கு
நான் சிவப்புத் துண்டு எழுதுவதைப்போல
ஒரு சொல்லும் பேசாமல் வெட்டிவிடும்.

இருநூற்றுப் பன்னிரண்டு தரம் செத்தேன்.
சுடக்கூடாதென்றால் பார்க்க வேண்டியிருக்கிறது.
கூரையில் நிற்பவன் ஏழு எண்ண
ஒருதரம் இடப்பக்கம் திரும்புகிறான்.
பீப்பாய்க்குப் பின்னாலிருப்பவன்
எங்கள் வாகனச் சாரதி வசீகரன்மாதிரி
ஒரு காலை இழுத்து நடக்கிறான்.
சுட்டுக்கொண்டு போன நாட்களில்
அவனுக்குக் கால் இருந்ததே எனக்குத் தெரியாது.

குனிவதை மட்டும்
எனக்கு எவரும் பழக்க வேண்டியிருக்கவில்லை.
கீழ் அம்புக்குறி. எண்ணு.
மேலால் போவது போகட்டும்.

நேற்றிரவு ஒன்று பதினேழு.
கடைசிக் கதவுக்கு முன்
மணிக்கட்டில் ஒரு நுளம்பு இருந்தது.
குடிக்க விட்டேன்.
கதவு திறந்தது.
திரையின் மூலையில் மஞ்சள் சதுரமொன்று
வழுக்கி வந்து, கிண் என்று,
மூன்று விநாடி நின்று, போயிற்று.
உலகத்தில் இதை எடுத்தவர்கள் பதினெட்டுப் பேர்.
பத்தொன்பதாவது பெயர்: சிலந்தி83.

தண்ணீர் குடிக்க எழும்பிய இவர் கேட்டார்:
"காசு கீசு வருமோ?"
"பத்துப் புள்ளி."
"அதுக்கு என்ன வாங்கலாம்?"
"ஒண்டும் வாங்கேலாது."
செம்பைக் கையில் வைத்தபடி
திரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.
போய்ப் படுக்கவில்லை.

பட்டியலில் மிச்சம் ஒன்றே ஒன்று:
இருவராய், அதே கட்டம்,
இருவரும் சுடாமல்.

இரண்டாவது கொன்றோலரைத்
தலைகீழாய்ப் பிடித்தார். திருப்பிக் கொடுத்தேன்.
தொடங்கி ஒரு விநாடி இல்லை,
டப்.
கூரையில் நின்றவன் விழுந்து, மினுங்கி, மறைந்தான்.
"தெரியாமல் விரல் பட்டிட்டுது" என்றார்.
"எல்லாரும் அப்பிடித்தான் சொல்லுறவை" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. நானும்தான்.
ஒரு வாகனம் கே.கே.எஸ். வீதியால் போய்
ஓசை அடங்கும்வரைக்கும்
இரண்டு சின்ன ஆட்களும்
துவக்கோடு திரையில் நின்றார்கள்.

பிறகு தொடக்கத்துக்குப் போனோம்.