துறை விலை

எங்கள் சிப்பாரில்
படகுத் துறைக்கும் சந்தைக்கும் ஒரே பெயர்.
காரும் என்போம்.
படகின் மூக்கு கரையை முட்டும் இடத்தில்தான்
விலை கண் திறக்கிறது.

அரண்மனை வாசலில் கல்லில் வெட்டிய விலை ஒன்று உண்டு:
ஒரு ஷெக்கல் வெள்ளிக்கு முந்நூறு படி பார்லி.
கல்லுக்கென்ன, அதற்குப் பசிக்காது.
அறுவடைக்கு முந்தின மாதம்
துறையில் நூற்றெண்பது கிடைத்தால் பெரிது.
அளக்கிற நாழிக்கு அகவிலை தெரியாது,
அளப்பவளுக்குத் தெரிந்தாக வேண்டும்.

நான் நராம்தானி.
மேற்கு வாசலை ஒட்டிய கள்ளுக்கடை என்னுடையது.
எடையில் ஏய்க்கும் கடைக்காரியை
ஆற்றில் எறியச் சட்டம் இருக்கிறது.
அதனால் என் எடைக்கற்கள் சுத்தம்.
தலையைத் திருப்பி
முதுகில் அலகைப் புதைத்துத் தூங்கும் கருங்கல் வாத்துகள்.
மிகச் சிறிய எடை ஒரு பார்லி மணி.
அந்த அளவில் வாத்து செதுக்க எவனாலும் முடியவில்லை,
மணியையே வைத்துக்கொள்கிறேன்.
எலி தின்றால் வேறொன்று.

வெள்ளி என் இடக்கையில் சுருளாய் ஏறியிருக்கிறது.
தேவைக்கு நறுக்கித் தட்டில் போடுவேன்.
போன குளிரில் முழங்கைவரை இருந்தது.

ஹுஸாலும் என்றால் மான்குட்டி.
அந்தப் பெயருக்கு அவன் ரொம்பப் பருமன்.
வாய்க்காலில் தூர் வாருகிறவன்.
எட்டுக் குடம் கள், கடனுக்கு.
அறுவடையில் நாற்பது படி பார்லி தருவதாக
எழுத்தன் ஈர மண்ணில் கீறினான்.
முத்திரை வாங்க வக்கில்லாத ஹுஸாலும்
மேலாடையின் விளிம்பை மண்ணில் அழுத்தினான்.
ஓர் இழை பிரிந்து தொங்கியது,
அதுவும் பதிந்தது.

அப்படி இருபத்தாறு பேர் என் பானைக்குள்.
நானும் ஒரு பானைக்குள்தான் இருந்தேன்,
வணிகன் பெலானும் வீட்டில்:
முளைகட்டிய பார்லி வாங்கப் பெற்ற பத்து ஷெக்கல்.

புது ராஜா பட்டமேறிய மாதம்
கோயில் மாடியில் தீப்பந்தம் உயர்ந்தது.
அதைப் பார்த்து அடுத்த ஊரில் ஏற்றினார்கள்,
அதைப் பார்த்து அதற்கடுத்த ஊரில்.
எளியவர் பட்ட கடன் இனிச் செல்லாது.
அதிகாரி வந்து பானையைக் கவிழ்த்தான்,
இருபத்தாறையும் என் கையாலேயே உடைக்கச் சொன்னான்.
தெருவெல்லாம் ஆட்டம்.
கொண்டாட என் கடைக்குத்தான் வந்தார்கள்,
அதுவும் கடனுக்கு.

பெலானுமிடம் ஓடினேன்.
"உன்னுடையது வியாபாரக் கடன்" என்றான்
பேரீச்சங்கொட்டையைத் துப்பிவிட்டு.
"அந்தப் பந்தத்தின் வெளிச்சம் இதன்மேல் விழாது."
ஆணையைப் படித்தும் காட்டினான்.
சரியாகத்தான் இருந்தது.

இரவில் கைச்சுருளை அவிழ்த்து நிறுத்தேன்.
ஒன்பதரை.
மீதி அரைக்குப் பெரிய வாத்து போயிற்று.
உடைந்த மண்பலகைகளை வாளியில் ஊறப் போட்டேன்.
மண்ணுக்கு மறப்பது சுலபம்,
இரண்டு நாள் தண்ணீர் போதும்.

மூன்றாம் நாள் விடியலில் ஹுஸாலும் வந்தான்.
கையில் காலிக் குடம்,
தோளில் ஒரு செம்மறியின் முழு ரோமம், கொழுப்பு வாடையோடு.
கடன் கேட்க அவனுக்கு வாய் வரவில்லை.
கொடுக்க எனக்குக் கை வரவில்லை.

"இதற்கு எவ்வளவு?"
"மூன்று குடம்."
"துறையில் ஐந்து தருவார்கள்."
"துறைக்குப் போ."
அவன் போகவில்லை. ரோமத்தை இந்தத் தோளிலிருந்து
அந்தத் தோளுக்கு மாற்றிக்கொண்டான்.
"நான்கு" என்றான்.

அப்போது கரையை ஒரு படகு முட்டும் சத்தம்.
இருவரும் திரும்பினோம்.
வடக்கிலிருந்து வந்த படகு.
தண்ணீர் விளிம்பு தொடும் அளவுக்குப் பாரம்,
முழுக்கக் கம்பளி மூட்டைகள்.

"சரி, மூன்று" என்றான் அவசரமாய்.

இரண்டு என்று சொல்லியிருக்கலாம்.
நாக்கின் நுனிவரை வந்துவிட்டது.
அவன் மேலாடை விளிம்பில்
அந்த இழை
இன்னும் பிரிந்தே தொங்கியது.