திக்காத ஒரு சொல்

மார்செய் நகரச் சிறார் நீதிமன்றத்தில்
பேசுவதைப் பேசியபடி தட்டச்சு செய்வது என் வேலை.
பத்தொன்பது வருடம்.
இருமலை எழுத மாட்டேன்.
அழுகையை, நீதிபதி சொன்னால் மட்டும் எழுதுவேன்.

செவ்வாய்க்கிழமை, மூன்றாவது வழக்கு.
ஃபஹார்தீன், வயது பதினான்கு,
கரூப் குடியிருப்பு, சி கட்டடம், பதினோராவது மாடி.
(மின்தூக்கி ஓடாதது வழக்கில் சேராது.)

கையும் களவுமாகப் பிடிபட்டான் என்றது அறிக்கை.
கையில் இருந்தது பாதி தின்ற ரொட்டி.
களவு தொண்டையில்.

சரக்கு விற்கும் வாசலுக்கு எதிரே
வெள்ளைப் பிளாஸ்டிக் நாற்காலி.
காலை பத்திலிருந்து நள்ளிரவு வரை அதில் அவன்.
போலீஸ் வண்டி முனையில் திரும்பினால்
"ஆரா!" என்று கத்த வேண்டும்.
அவ்வளவுதான்.
நாளுக்கு எண்பது யூரோ, சாப்பாடு அவர்கள் செலவு.

"ஏன் அங்கே போய் உட்கார்ந்தாய்?"
நீதிபதி கேட்டார்.

"நா," என்றான்.
"நா, நா, நா,"
பிறகு உதடு பூட்டிக்கொண்டது.
கழுத்து நரம்பு மட்டும் பேசிக்கொண்டிருந்தது.

நீதிபதி கெட்டவர் இல்லை.
தண்ணீர் கொடுக்கச் சொன்னார்.
கடிகாரத்தைப் பார்க்காதவர் போலப் பார்த்தார்.
வெளியே பெஞ்சில் இன்னும் ஒன்பது பையன்கள்.

நான் தட்டினேன்: பதில் இல்லை.

"நா"வை ஐந்து முறை தட்டினால்
பிழையென்று கணினி சிவப்புக் கோடு போடும்.
இது சாக்கு. தெரியும்.

மாலை கோப்பைப் புரட்டினேன், யாரும் கேட்காமலே.
ஐந்து வயதில் ஒரு குறிப்பு: பேச்சில் தடங்கல், கவனிக்கவும்.
வியாழன்தோறும் வந்துகொண்டிருந்த பேச்சுப் பயிற்சியாளரின் பணியிடம்
ஏழு வயதில் ரத்து.
ஊரில் இருப்பவர்களிடம் காத்திருப்புப் பட்டியல்,
அதிலும் அவன் அம்மா பெயர் எழுதி வைத்திருந்தாள்.
பன்னிரண்டு வயதில், சத்தமாக வாசிக்கச் சொன்ன வகுப்பில்,
அந்த வருடத்தின் மூன்றாவது தற்காலிக ஆசிரியர்
தன்னைக் கேலி செய்கிறான் என்று நினைத்துவிட்டார்.
மூன்று நாள் நீக்கம்.
அப்புறம் எட்டு நாள்.
அப்புறம் அவனாகவே.

அம்மா மொய்னாஎஷா
கோர்சிகா கப்பல்களில் அறை துடைக்கிறாள்.
முதல் பேருந்து ஐந்தே காலுக்கு, வேலை ஐந்துக்கு.
நாலு மணிக்கே இறங்கி நடக்கிறாள்,
பதினொரு மாடியும் சேர்த்து.
"கண்காணிப்புக் குறைபாடு" என்று
சமூகநலத் துறை ஒரு வரி எழுதியிருக்கிறது.

நாற்காலி கொடுத்தவர்கள் வாசிக்கச் சொல்லவில்லை.
குரல் பார்த்தார்களாம் முதல் நாள்.
ஒரே சொல், உயிரெழுத்தில் தொடங்குவது,
மூச்சைத் திறந்துவிட்டால் போதும்,
எட்டாவது மாடி வரை போனதாம்.
யாரோ கைதட்டினான்.
கோப்பு முழுக்கத் தேடினேன்,
பள்ளி அறிக்கை, மருத்துவர் சீட்டு, எச்சரிக்கைக் கடிதங்கள்.
கைதட்டல் வேறெங்கும் பதிவாகவில்லை.

பிடிபட்ட இரவு அவன் கத்தியதில்
ஏழு பேர் தப்பினார்கள், எல்லாரும் அவனைவிடப் பெரியவர்கள்.
அவன் நாற்காலியை மடக்கப் பார்த்துக்கொண்டிருந்தான்.
மடங்காத நாற்காலி.
பெயர் கேட்டார் காவலர்.
"ஃப" என்ற எழுத்து அவனுக்கு எப்போதுமே மோசம்.
ஒத்துழைக்க மறுத்தான் என்று எழுதிக்கொண்டார்.

அவருக்கும் சிவப்புக் கோடு வந்திருக்கும்.

மறுவாரம் வெள்ளிக்கிழமை
என் கவுண்டருக்கு அவள் வந்தாள்,
பிளீச்சிங் வாடையோடு, வேலை உடுப்பிலேயே.
ஒரு கடிதம்.
இருபத்திரண்டு மாதம் கழித்து
பேச்சுப் பயிற்சிக்கு இடம் கிடைத்துவிட்டது:
வரும் செவ்வாய், பத்தரை மணி,
வராவிட்டால் அடுத்தவருக்கு வழங்கப்படும்.

"காப்பகத்திலிருந்து அவனைக் கூட்டிப்போக விடுவார்களா?
ஒரு மணி நேரம்தான்."

கோப்பில் சேர்க்கிறேன் என்றேன்.
முத்திரை குத்தினேன்: பெறப்பட்டது.
ரசீது கேட்டாள், கொடுத்தேன்.

அவள் போனபின்தான் பார்த்தேன்,
கடிதத்தில் பையன் பெயரைத் தப்பாக அடித்திருந்தார்கள்.
அவள் நீலப் பேனாவால்
ஒவ்வோர் எழுத்தாகத் திருத்தியிருந்தாள்.