கை வராத மாதங்கள்

ஆஸ்பத்திரி வீதி மருந்துக்கடையில்
பின்னேரம் மூன்று மணிக்கு ஆட்கள் குறைவு.
கிளினிக் சனம் போய் முடிந்ததும்
கம்பனிக் கலண்டரில் போன மாதத்தைக் கிழித்து
பின்பக்கத்தில் ஆள் கீறப் பழகுகிறேன்,
முப்பத்தாறு வயதில்.

ஒரு ஆள் ஏழரைத் தலை என்கிறது புத்தகம்.
நாடியோடு ஒன்று, மார்போடு இரண்டு,
தொப்புளில் மூன்று, கவட்டில் நாலு.
எனக்கு ஒன்பது தலை வருகிறது,
இல்லாவிட்டால் ஐந்தரை.
பனை மாதிரி ஒருத்தன்,
பக்கத்தில் அம்மிக் குழவி மாதிரி ஒருத்தன்.
இரண்டு பேரும் எதிர்க்கடை யோகதாசன்தான்.

முழங்கால் மட்டும் நன்றாக வரும்.
நோக்குளிசை விற்க வந்த கம்பனிப் பொடியன்
பிளாஸ்ரிக் மூட்டொன்று தந்துவிட்டுப் போனான்.
மடக்கலாம், நீட்டலாம்,
சில்லைக் கழற்றிப் பூட்டலாம்.
அதனால் என் ஆட்களுக்கு
உயிர் முழங்காலில் இருக்கிறது.

ஞாயிறு, குருநகர்க் கரை.
றெஜினோல்ட் வலை இழுக்கையில்
தோலுக்கடியில் இரண்டு தட்டுகள்
வழுக்கிப் போய் வழுக்கி வந்தன.
முதுகை ஒரு சுவர் என்று நினைத்திருந்தேன்.
அது இரட்டைக் கதவு.
"என்ர முதுகில என்னடா எழுதிக்கிடக்கு?"
"கொஞ்சம் அசையாம நில்லு."
"அசையாட்டி வலை வராது" என்றான்.
அன்றைக்குக் கீறியதில்
வலை இருக்கிறது, கடல் இருக்கிறது,
நடுவில் ஐந்து முறை அழித்த ஒரு கறுப்பு.

கைதான் வரவேயில்லை.
விரல் வைத்தால் வாழைச்சீப்பு,
அழித்துவிட்டு வைத்தால் முள்ளுக்கரண்டி.
ஆகவே ஒளித்தேன்.
முதலில் காற்சட்டைப் பைக்குள்.
சாரம் கட்டியவனுக்குப் பை ஏது?
பிறகு எல்லோரையும்
கையைப் பின்னால் கொண்டுபோகச் சொன்னேன்.
லேசான வழி.
தோளில் இருந்து கோடு இறங்கும்,
முழங்கையில் மடங்கும், முதுகுக்குப் பின்னால் மறையும்.
மே, யூன், யூலை.
நாற்பது பேர், வரிசையாக.

வாமதேவியக்கா மாதம் ஒருமுறை
பிரசர்க் குளிசைக்கு வருபவர்.
மருந்துத் துண்டைக் கைப்பையில் தேடிக்கொண்டே
மேசையில் கிடந்த தாளைக் கண்டார்.
நெற்றியில் இருந்த கண்ணாடியை இறக்கி
ஒவ்வொரு முகமாகப் பார்த்தார்.
முகமும் எனக்கு வராது,
கண்ணுக்கு இரண்டு புள்ளி, அவ்வளவுதான்.
அவர் பார்த்துக்கொண்டே போனார்,
வரிசை முடியும்வரை.

"ஏன் தம்பி
எல்லாற்ர கையும்
பின்னால கட்டிக்கிடக்கு?"

கட்டவில்லை அக்கா,
கயிறு நான் கீறவில்லை,
எனக்குக் கை வராது, அதுதான்.
சொன்னேனா, தொண்டையோடு நின்றதா
தெரியவில்லை.
காற்றாடி தாளைத் தூக்கப் பார்த்தது.
அவர் ஒரு விரலால் அதை அமத்திப் பிடித்தார்,
நான் முப்பது குளிசை எண்ணி முடிக்கும்வரை.
ஒரு ரூபா குறைந்தாலும் கேட்கிறவர்
மிச்சக் காசை எண்ணாமல் போனார்.

கடை பூட்டியபின்
இடது கையை மேசையில் போட்டேன்.
வலது கை அதைப் பார்த்துக் கீறியது.
மணிக்கட்டுக்குள் எட்டுச் சின்ன எலும்பாம்,
பொத்திக் குலுக்கின சோகி மாதிரி.
நாலு விரலும் ஒரு வீட்டுப் பிள்ளைகள்,
பெருவிரல் ஒழுங்கையால் சுற்றி வருகிறது.
அது வராமல் ஒரு கோப்பையும் பிடிபடாது.

இப்போது யூலைத் தாளை விரித்து
முழங்கையில் இருந்து அழிறப்பரால் அழித்து
ஒவ்வொருவராக முன்னுக்குக் கொண்டுவருகிறேன்.
பார்த்துக் கீற என் இடது கைதான் இருக்கிறது.
அதனால் எல்லோருக்கும் இரண்டிரண்டு இடது கை.
அவசரத்தில் ஒருத்தனுக்கு ஆறு விரல்.
இருக்கட்டும் என்று விட்டேன்.
அழித்த இடத்தில் தாள் மெலிந்து
மறுபக்கத்துத் திகதிகள் தெரிகின்றன.

அக்காவின் குளிசை முடிய
இன்னும் பதினொரு நாள்.
பதினேழு பேர்
அப்படியே நிற்கிறார்கள்.